கற்பூரத்தில் எழுதிய வீடு

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பதை நீங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அச்சகத்திலிருந்து தாள் வந்ததும் வீட்டிலுள்ள மூக்குக் கண்ணாடிகள் எல்லாம் வேலைக்கு வந்துவிடும். தாய்மாமன் பெயர் எந்த வரியில் இருக்கிறது, காலமான பங்காளிக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட்டாயிற்றா, மாப்பிள்ளையின் படிப்புக்கு நடுவில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் படிப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தறியில் பாவு நூல் ஏற்ற நல்ல நேரம் பார்க்க ஜோசியர் வேண்டும். பட்டுக்குச் சாயம் போட அதற்கென்று ஒருவர் வேண்டும். பிள்ளைக்குக் காது குத்தக்கூடக் கைராசியுள்ள ஆசாரியைத் தேடிப் போவார்கள். எல்லாவற்றுக்கும் தெரிந்தவன் வேண்டும். ஆனால், வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நெய்து கட்டிய வீடு தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுத மட்டும் எவனும் வேண்டாம். அதற்கு வாய் போதும்.

அந்த வாயால் வீட்டை இழந்தவள் நான். ஆகவே இதில் மரியாதையை ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள்.

என்னை வளர்த்தது பெரியம்மாவும் பெரியப்பாவும். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எங்கள் வீட்டில் பெண்கள் அதிகம். நான் நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே, "இவ எங்ககிட்ட இருக்கட்டும்" என்று பெரியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் வந்துவிட்டாளாம். தத்து என்று யாரும் எதையும் செய்யவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழில் தென்னேரியில் இருந்த என் அப்பாவின் பெயர்தான். ஆனால் தெருவுக்கு நான் பெரியப்பாவின் மகள். அவர் நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் கோத்த நாடாவை வீசியவள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வீட்டிலேயேதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போவார். பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

பெரியம்மா காலமான பிறகுதான் என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் தேவையானதைத்தான் பேசுவார், அதனாலேயே எங்கள் குடும்பத்தில் அவருக்கு மதிப்பு இல்லை.

"மாமா, கோர்ட்டுக்கு எதிர்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. என்கூட வேலை செய்றவரு உயில் எழுதினாரு. நாமளும் ஒரு தரம் போயிட்டு வந்துடலாமா?"

பெரியப்பா சோறு பிசைந்த கையை நிறுத்தினார். "ஏன்பா, நான் எப்ப சாவேன்னு பாத்துக்கினு இருக்கியா?"

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் இரண்டு தெரு தள்ளியிருந்த சித்தப்பாவுக்குப் போனது. பெரியப்பாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். மாலையே வந்து உட்கார்ந்துகொண்டு, "வக்கீல் வூட்டுப் படி ஏறின குடும்பம் எதுண்ணா உருப்பட்டிருக்குது?" என்றார். உருப்படாமல் போன குடும்பங்கள் வக்கீலிடம் காலத்தோடு போகாததால்தான் கடைசியில் கோர்ட்டுப் படி ஏறின என்பதைச் சொல்ல அங்கே எனக்கு இடமில்லை. டீ கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனாலும் அந்தப் பேச்சு பெரியப்பாவின் மனதில் தைத்துவிட்டது. தனக்குப் பிறகு நான் என்ன ஆவேன் என்று அவரும் யோசித்திருக்கிறார். அந்த மனிதருக்கு என்மேல் இருந்த பாசத்தில் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். புத்தியில்தான் குறை. வக்கீலிடம் போகாமல், அதைவிடப் பெரிய இடத்தில் முடிப்பதாக முடிவு செய்தார்.

எங்கள் வகையறாவுக்குக் கோயிலில் ஒரு பாத்தியம் உண்டு. திருவிழாவில் ஒருநாள் அம்மனுக்கு எங்கள் வீட்டுப் பட்டு சாத்துவார்கள். பதிலுக்கு வீட்டுப் பெரியவரின் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். ஒரு முழத் துணிதான். அது தலையில் ஏறியதும் எங்கள் ஆண்கள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! இந்த ஊரையே அவர்கள் நெய்து கொடுத்தது போல நடப்பார்கள். அப்படியொரு நாளில், பரிவட்டத்தோடு, தெருப் பெரியவர்கள் எல்லாம் சுற்றி நிற்க, பெரியப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"என் வூடு என் பொண்ணுக்கு. எனக்கு அப்புறம் நீ வந்து அதைக் கேக்கக் கூடாது. கேக்க மாட்டேன்னு அம்மன் முன்னாடி சொல்லு."

சித்தப்பா ஒரு நொடி தயங்கவில்லை. உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். "கேக்க மாட்டேண்ணா. இது சத்தியம்."

பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வரும் வழியில் பெரியப்பா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எந்த வக்கீலு இப்படி எழுதுவான்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதன் பிறகு பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. குளிப்பாட்டியது, ஊட்டியது, படுக்கையிலேயே போனதை அள்ளிக் கொட்டியது எல்லாம் நான். இதைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்பார்கள். இத்தனை நாள் சொல்லிக்காட்டாமல் இருந்து என்ன வாரிக்கொண்டேன்? ஒரு மார்கழிக் காலையில் அவர் போனார். வீடு எனக்கு என்ற நிம்மதியோடுதான் போனார். எனக்கு இன்றும் வயிறு எரிவது அந்த நிம்மதியை நினைத்துத்தான்.

சித்தப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். அதை மறைக்க மாட்டேன். பொங்கலுக்கு வருவார், சாப்பிடுவார், போவார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் நெய்துகொண்டிருந்தேன், என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வரியில் பெயர் மாற்றப் போனபோதுதான் முதல் முடிச்சு விழுந்தது. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். வளர்த்த மகள் என்றேன். ஏதாவது பத்திரம், உயில், தத்து எடுத்த ஆதாரம் என்றார்கள். கோயிலில் சத்தியம் என்று என் வாயால் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. மனைவியும் பிள்ளையும் இல்லாதவர், பெற்றோரும் இல்லை என்றால் அவருடைய தம்பிதான் சட்டப்படி வாரிசு, அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பாவிடம் போனேன். நல்ல மனிதர்தானே, கேட்க மாட்டேன் என்று சொன்னவர்தானே, எழுதித் தருவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துப் போனேன்.

"சித்தப்பா, ஒரு செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துடுங்க. ரெஜிஸ்தர் செலவு நாங்க பாத்துக்கிறோம்."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. "என் கற்பூரத்த சந்தேகப்படுறியா நீ?"

"இல்ல சித்தப்பா, ஆபீசுல காயிதம் கேக்கறாங்க."

"சாமி முன்னாடி கைய வெச்சு அணைச்சிருக்கேன். அதுக்கு மேல இன்னா காயிதம்? என்னை அவ்ளோ கேவலமா நெனைச்சிட்டியா?"

எங்கள் ஊர்க்காரர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று இங்கேதான் கவனிக்க வேண்டும். கொடுக்கிறேன் என்று சொன்னவரிடம் கொடுங்கள் என்று கேட்டால் அது அவமானம். ஆயுசுக்கும் காப்பாற்றுவேன் என்பவரிடம், உங்கள் ஆயுசுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் அது சாபம். தெருமுழுக்கப் பேச்சானது. குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். கற்பூரத்தைச் சந்தேகப்பட்டவளாம். கடைசியில் பெரியவர்கள் கூடி, நான் பழமும் வெற்றிலையும் வாங்கிப்போய் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். போய்க் கேட்டேன். அவரும் பெருந்தன்மையாக மன்னித்தார். என் வீட்டை எனக்குக் காகிதத்தில் கேட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்டேன் என்பதை இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிறகு சித்தப்பாவும் போனார். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தி அவருக்கு முன்பே போய்விட்டாள். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என்னைவிடப் பெரியவர், புடவைக் கடை வைத்திருக்கிறார். சின்னவன் முசரவாக்கம் பக்கம் மனை வாங்கி விற்கிறான். சித்தப்பாவும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

காரியம் முடிந்த கையோடு இரண்டு பேரும் வந்தார்கள். சண்டை போட வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதம்மா," என்றார் அண்ணன். "அப்பா கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணாரு. கடைசி வரைக்கும் கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப சத்தியம் நின்னுச்சு இல்ல? அணைச்சது அவரு கை. எங்க கை இல்லியே."

சின்னவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "லீகலா பாத்தா, பெரியப்பா போன அன்னைக்கே வூடு அப்பாவுக்கு வந்துடுச்சுக்கா. இப்ப எங்களுக்கு. அர்ஜென்ட் இல்ல, மெதுவா ஷிஃப்ட் பண்ணுங்க" என்றான்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அசந்து போய் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சத்தியத்தை மீறவே இல்லை. ஒரு இழை பிசகவில்லை. தெய்வக் குற்றத்துக்குப் பயந்து, தெய்வக் குற்றம் எந்த இடத்தில் முடிகிறது என்று அளந்து பார்த்து, அதற்கு ஓர் அடி தள்ளி வந்து நிற்கிறார்கள். பெரியப்பா வீட்டை எனக்குக் கொடுக்கவில்லை. கேட்கக்கூடிய ஒரு வாயை மூடினார், அவ்வளவுதான். அந்த வாய் எரிந்து சாம்பலானதும் வீட்டுக்குக் காவல் போய்விட்டது.

தெருப் பெரியவர்களிடம் போனேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்தவர்களில் மூத்தவர், "பாத்தோம்மா. இல்லன்னு யாரு சொன்னது? அம்மனுக்குத் தெரியும்" என்றார்.

"அம்மனை நான் கோர்ட்டுக்குக் கூப்பிட முடியாது தாத்தா. நீங்க வர்றீங்களா?"

"எனக்கு மூட்டு வலிம்மா."

அந்த மூட்டோடுதான் அவர் வருஷா வருஷம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சாமிக்கு முன்வரிசையில் நிற்கிறார். மற்றவர்கள் இன்னும் சுருக்கமாக முடித்தார்கள். அது அவர்கள் குடும்ப விஷயமாம். சத்தியம் நடந்தபோது தெரு விஷயமாக இருந்தது, என்னை மன்னிப்புக் கேட்க வைத்தபோதும் தெரு விஷயமாக இருந்தது. வீடு போகும்போது மட்டும் குடும்ப விஷயமாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த வக்கீலம்மாவிடம் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை. என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். அழ விட்டாள், ஆனால் ஆறுதல் சொல்லவில்லை.

"அவர் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஏதாவது இருக்குதாம்மா?"

"பாங்க் புக்கு இருக்குது."

"வீட்டைப் பத்தி?"

"தெருவே கேட்டுதும்மா, அவரு வாயால சொன்னாரு."

"தெருவே கேட்டாலும் அது உயில் ஆகாது. எழுதணும். அவர் கையெழுத்துப் போடணும். அதைப் பாத்து ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவ்ளோதான் சட்டம் கேக்குது."

அவள் என்றால் எப்படி எழுதியிருப்பாள் என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ தெரியாது, புண்ணைச் சொறிகிற சுகம். தாய்ப் பத்திரத்தை வைத்து வீட்டின் அளவும் நான்கு எல்லையும் எழுதியிருப்பாளாம். பெரியப்பா தெளிவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கியிருப்பாளாம். சாட்சிக்கு அவரைவிட வயதில் சின்னவர்களை, வீட்டில் பங்கு எதிர்பார்க்காதவர்களைக் கூப்பிட்டிருப்பாளாம். கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்யச் சொல்லியிருப்பாளாம். அவருக்கு முன்னால் நான் போய்விட்டால் என் மகளுக்கு என்றும் ஒரு வரி சேர்த்திருப்பாளாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத வரி அது. நான் முன்னால் செத்துப்போகலாம் என்று என்மேல் இத்தனை பாசம் வைத்தவர்கள் யாரும் யோசித்ததில்லை.

"பெத்த பிள்ளைங்களுக்கு உயில் இல்லன்னாக்கூட சட்டம் ஏதோ ஒரு பங்கு குடுத்துடும்மா. உங்களை மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் உயில் இல்லன்னா ஒண்ணுமே இல்ல. சட்டத்துக்கு நீங்க அவருக்கு யாரும் இல்ல."

இதைக் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கலாம், ஜெயிப்போம் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். பேசியதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டாள். மனசாரக் கொடுத்தேன். அதுவரை எனக்குக் கிடைத்த யோசனை எல்லாம் இலவசம், அந்த இலவசத்தில்தான் வீடு போனது.

ஐயம்பேட்டையில் வாடகைக்கு வந்தோம். குழித்தறியைப் பெயர்ப்பது எளிதில்லை. மரத்தைக் கழற்றலாம், கட்டலாம், வண்டியில் ஏற்றலாம். குழியை எப்படி எடுத்துப்போவது? பெரியப்பா காலை வைத்து வைத்து அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. கடைசியாக ஒருமுறை அதில் இறங்கி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வண்டிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். அடுத்த முறை ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனபோது குழியில் சிமெண்ட் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் தெரிந்தது.

குடிவந்த கொஞ்ச நாளில் வக்கீலம்மாவிடம் மறுபடி போனேன். என் உயிலை எழுதச் சொன்னேன். மகள் சிரித்தாள். "இருக்கறது ஒரு தறியும் ரெண்டு வளையலும். இதுக்கு உயிலாம்மா?"

"இதுக்குத்தான்" என்றேன்.

வளையல் மகளுக்கு. தறி, என்னோடு உட்கார்ந்து கரைக்கு நாடா வீசுகிற ஐயம்பேட்டை அம்மாளுக்கு. புருஷனை இழந்தவள், ஒற்றை ஆள். சட்டத்துக்கு அவள் எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் அவள் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு, முகவரியோடு எழுத வைத்தேன். கல்யாணப் பத்திரிகை பார்ப்பது போல விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரரும் பக்கத்துத் தையல்காரம்மாவும் மேலே வந்து, நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர்களும் போட்டார்கள். வாங்கி வைத்த டீ இன்னும் ஆறவில்லை. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யத் துப்பில்லாமல்தான் ஒரு தெருவே பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றது என்று நினைத்தபோது அழுகையும் வந்தது, காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

சென்ற மாதம் புடவைக் கடை அண்ணன் வந்தார். நான் ஐயம்பேட்டைக்கு வந்த பிறகு அவர் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் முறை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆகவில்லையாம். பெரியப்பா வீட்டை யார் எடுத்துக்கொள்வது என்று சண்டையாம். சின்னவன் வக்கீல் வைத்துவிட்டானாம்.

"அந்த வூடு எனக்குத்தான்னு அப்பா உயிரோட இருக்கும்போதே சொல்லிக்கினு இருந்தாரும்மா. நீயும் இருந்திருக்கே, கேட்டிருக்கே. கோர்ட்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. உள்ளே போய் சாமி மாடத்திலிருந்து தட்டையும் ஒரு கட்டிக் கற்பூரத்தையும் எடுத்துவந்தேன். அவருக்கு முன்னால் வைத்து ஏற்றினேன்.

"வரேண்ணா. நான் கேட்டதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, அன்னைக்குக் கோயில்ல உங்க அப்பா என்ன சொல்லி இதை அணைச்சாருன்னு நீங்க ஒரு தரம் அணைச்சுச் சொல்லுங்க."

அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கற்பூரம் எரிந்தது. சுருங்கியது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டுவிட்டுத் தானாகவே அணைந்தது.

அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கு ஏதோ நல்லது சொல்லித் தருவது போலச் சொன்னார்.

"இதெல்லாம் கோர்ட்ல செல்லாதும்மா."

"தெரியும்ணா," என்றேன். "அதான் வாடகை வூட்ல ஒக்காந்துக்கினு இருக்கேன்."